மருத்துவ நிலையங்களில் மின்னணு நோயாளர் பதிவேடு: அமைக்கும் முறையும் காக்கும் முறையும்

நோயாளி ஒருவரைப் பற்றி மருத்துவர் அறிய வேண்டியவற்றுள் ஒரு பகுதி அவருடைய உடலைச் சோதிப்பதால் விளங்கும். மற்றொரு பகுதி அவருக்கு முன்னர் நிகழ்ந்த சிகிச்சையின் வரலாற்றால் விளங்கும். எந்த மருந்து கொடுக்கப்பட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, சென்ற ஆண்டில் இரத்தக் கொதிப்பின் அளவு என்ன, முதற் பிரசவம் எவ்வாறு நிகழ்ந்தது என்பன போன்ற செய்திகளை நாடித் துடிப்பிலிருந்து அறிய இயலாது. எழுதி வைத்திருந்தால்தான் அறியலாம். எழுதி வைத்தது, வேண்டிய நேரத்தில் வேண்டியவர் கைக்குக் கிடைக்க வேண்டும். வேண்டாதவர் கைக்குக் கிடைக்கலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருளாகும்.

தேதி வரிசையும் நோயாளி வரிசையும்

நம் நாட்டில் 1946-ஆம் ஆண்டில் போர் குழுவினர் அளித்த அறிக்கையின் வழியிலும், 1952 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய சமூக வளர்ச்சித் திட்டத்தின் வழியிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராமப் பகுதிகளில் அமைக்கப்படலாயின. அன்று முதல் இந்நிலையங்களில் பதிவேடுகளுக்குக் குறைவு இருந்ததில்லை. புறநோயாளர் பதிவேடு, மருந்து இருப்புப் பதிவேடு, தாய் சேய் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு என அலமாரி நிறைய அடுக்கப்பட்டிருந்தன. ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவை தேதி வரிசையில் எழுதப்பட்டவை. இன்று வந்தவர் எத்தனை பேர், செலவான மாத்திரை எவ்வளவு என்று மேலதிகாரிக்குக் கணக்குக் காட்ட இவை பயன்படும். ஆனால் கீழத்தெரு மாரியம்மாள் சென்ற மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை காய்ச்சலுடன் வந்தார் என்று கேட்டால், ஆயிரம் பக்கங்களைப் புரட்டினாலன்றி விடை கிடைக்காது. பதிவேடு நிலையத்திற்காக எழுதப்பட்டதேயன்றி மாரியம்மாளுக்காக எழுதப்பட்டதன்று.

சிறு நகரங்களில் உள்ள தனியார் மருத்துவ நிலையங்களின் நிலையும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. மருந்துச் சீட்டு நோயாளியோடு சென்றுவிடும். மருத்துவரிடம் எஞ்சுவது அவருடைய நினைவாற்றலே. ஆகவேதான் நம் மக்கள் ஸ்கேன் படங்களையும் இரத்தச் சோதனை முடிவுகளையும் பழைய சீட்டுகளையும் ஒரு துணிப்பையில் திணித்து, ஊர் ஊராகச் சுமந்து செல்கின்றனர். இந்த மஞ்சள் பைதான் நம் நாட்டின் மிகப் பரவலான மருத்துவ ஆவணக் காப்பகம் என்று கூறினால் அது வேடிக்கைப் பேச்சன்று. அந்தப் பை மழையில் நனையலாம், பேருந்தில் தவறலாம். ஆயினும் அதற்கு ஒரு சிறப்பு உண்டு: அதனைத் திறந்து காட்டுவதா, மூடி வைப்பதா என்று முடிவு செய்பவர் நோயாளியே. இச்சிறப்பினை மின்னணுப் பதிவேடு இழந்துவிடலாகாது.

மின்னணுப் பதிவேடு என்பது யாது?

காகிதத்தில் எழுதியதைக் கணினியில் தட்டச்சு செய்து வைத்தால் அது மின்னணுப் பதிவேடு ஆகிவிடாது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண் கொடுத்து, அவருடைய நோய்க்குறி, சோதனை முடிவு, மருந்து, ஒவ்வாமை, தடுப்பூசி ஆகிய அனைத்தையும் அந்த எண்ணின் கீழ் கால வரிசையில் சேர்த்து, கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் காட்டும் ஏற்பாடே அது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு அவ்வினத்தைச் சேர்ந்த மருந்தினை எழுத முற்பட்டால், திரையில் எச்சரிக்கை தோன்றச் செய்யலாம். ஆறு மாதம் விடாது மருந்து உண்ண வேண்டிய காசநோயாளி மூன்றாம் மாதத்தில் வராமல் நின்றுவிட்டால், அவர் பெயரைத் தனியே எடுத்துக் காட்டச் செய்யலாம். நீரிழிவுக்காரர் ஒருவரின் மூன்று ஆண்டுச் சர்க்கரை அளவுகளை ஒரே கோட்டில் வரைந்து அவர் கண்முன் காட்டினால், மருத்துவர் அரைமணி நேரம் உரைப்பதைக் காட்டிலும் அது மிகுதியாக உணர்த்தும்.

நோயின் பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவது இதற்கு இடையூறு. ஒருவர் நீரிழிவு என்பார். ஒருவர் சர்க்கரை வியாதி என்பார். மற்றொருவர் இரண்டு ஆங்கில எழுத்துகளைக் கிறுக்கி வைப்பார். மனிதருக்கு இவை ஒன்றே. கணினிக்கு இவை மூன்று. இக்குறையை நீக்கவே ஸ்நோமெட் போன்ற சொற்குறியீட்டு முறைகள் ஏற்பட்டுள்ளன. இந்தியா 2014-இல் அந்த அமைப்பில் உறுப்பு நாடாகச் சேர்ந்தமையால், நம் நாட்டில் இதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மத்திய சுகாதார அமைச்சகம் 2013-இல் மின்னணு மருத்துவப் பதிவேடுகளுக்கான தரநெறிகளை வெளியிட்டு, 2016-இல் அவற்றைத் திருத்தியமைத்தது. பதிவேட்டில் அடங்கிய செய்தி நோயாளிக்கு உரியது. மருத்துவ நிலையம் அதனை அவர் சார்பில் நம்பிக்கைப் பொருளாக வைத்திருக்கிறது என்பது அத்தரநெறிகளில் கூறப்பட்டுள்ள முக்கியமான கருத்து. கணினி மருத்துவருடையது, அதனுள் இருக்கும் வரலாறு மாரியம்மாளுடையது. அடகுக் கடைக்காரர் பிறர் நகையைத் தம் பெட்டியில் வைத்திருப்பது போன்றதே இது.

நம் மாநிலத்தில் இவ்வேலை புதிதன்று. கருவுற்ற தாய்மாரைப் பதிவு செய்யும் ‘பிக்மி’ என்னும் ஏற்பாட்டின்வழி ஒவ்வொரு தாய்க்கும் பன்னிரண்டு இலக்க எண் அளிக்கப்படுகிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் பெறுவதற்கும் அவ்வெண் கேட்கப்படுகிறது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களை வீடு தேடிச் சென்று கவனிக்கின்றனர். மத்திய அரசின் எண்முறைச் சுகாதாரத் திட்டம் 2020-இல் அறிவிக்கப்பெற்று, 2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுமைக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதன்கீழ் வழங்கப்படும் ‘ஆபா’ எண் பதினான்கு இலக்கங்களைக் கொண்டது. இவ்வேற்பாட்டில் எல்லாருடைய வரலாறும் டில்லியில் ஒரே பெட்டியில் குவிக்கப்படுவதில்லை; எந்த நிலையத்தில் பதிவு எழுதப்பட்டதோ அந்நிலையத்திலேயே அது இருக்கும்; நோயாளி இசைவு கொடுத்தால் மட்டுமே மற்றொரு நிலையத்திற்கு அனுப்பப்படும். இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். பதிவு இருக்கும் இடம் சிறு நிலையமே ஆதலின், அதனைக் காக்கும் பொறுப்பும் அச்சிறு நிலையத்தையே சேரும்.

தொடங்கும் முறை

மின்னணுப் பதிவேட்டை ஏற்படுத்த முற்படும் மருத்துவர் பலர், முதலில் மென்பொருளை வாங்கிவிட்டு, அதன்பின் அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்று எண்ணத் தலைப்படுகின்றனர். மாட்டை வாங்குமுன் கொட்டில் அமைப்பதன்றோ முறை? நோயாளி வாசலில் நுழைந்தது முதல் மருந்து பெற்று வெளியேறும் வரை என்னென்ன எழுதப்படுகிறது, யார் எழுதுகிறார், யார் படிக்கிறார் என்பதை ஒரு வாரம் கவனித்துத் தாளில் குறித்துக்கொண்டால், தேவையான மென்பொருள் எது என்பது தானே விளங்கும்.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் பல இருப்பினும், ஒன்றினை மறவாது கேட்டல் வேண்டும்: ‘நாளை நான் உங்கள் மென்பொருளை விட்டு வேறொன்றுக்கு மாற விரும்பினால், என் நோயாளிகளின் பதிவுகள் முழுவதையும் மற்ற மென்பொருள்கள் படிக்கக்கூடிய வடிவத்தில் தருவீர்களா? அதற்கு எவ்வளவு கட்டணம்?’ இதற்குரிய விடை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருத்தல் வேண்டும். வாய்ச்சொல் போதாது. பதிவுகள் எந்த ஊரில், எந்த நிறுவனத்தின் கணினியில் வைக்கப்படும், அவற்றை விற்பனையாளரின் ஊழியர் பார்க்க இயலுமா என்பனவற்றையும் கேட்டுக்கொள்ளலாம்.

பழைய பதிவேடுகள் அனைத்தையும் தட்டச்சு செய்ய முற்படுவது வீண் உழைப்பு. தொடர்ந்து வருகின்ற நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, காசநோய், வலிப்பு நோயாளிகளையும், கருவுற்ற தாய்மாரையும் முதலில் எடுத்துக்கொண்டு, அவர்கள் அடுத்த முறை வரும்போது தலையாய செய்திகளை மட்டும் ஏற்றினால் போதும். ஒவ்வாமை, தொடர்ந்து உண்ணும் மருந்துகள், பெரிய அறுவைச் சிகிச்சைகள் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. மற்றவர்களுக்குப் புதிய வருகையிலிருந்து தொடங்கலாம். பழைய ஏடுகளை உடனே அழித்துவிடலாகாது. உள்நோயாளர் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் கூறுகின்றன. வழக்கு நிலுவையில் உள்ளவற்றை அது முடியும் வரை வைத்திருத்தல் அறிவுடைமை.

முதற் சில வாரங்களில் வேலை மெதுவாகவே நடக்கும். மருத்துவர் திரையைப் பார்த்துக்கொண்டே பேசுவதால், ‘டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை’ என்று முதியவர்கள் குறைப்படுவதுண்டு. இக்குறை நியாயமானதே. திரையைப் பக்கவாட்டில் வைத்து, நோயாளி கூறுவதை முதலில் முழுதும் கேட்டு, பிறகு அவர் காணவே எழுதினால் மனக்குறை பெரிதும் நீங்கும்.

பெயர்க் குழப்பம்

நம் கிராமங்களில் இப்பணிக்கு உண்டாகும் பெருந்தடை கணினியைச் சார்ந்ததன்று, பெயரைச் சார்ந்தது. ஒரே ஊரில் முருகேசன் என்ற பெயருடையோர் பதின்மர் இருக்கலாம். தந்தை பெயரின் முதலெழுத்தும் ஒன்றாகவே அமைந்துவிடலாம். மேலும், தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது, லட்சுமி என்ற ஒரு பெயரே மூன்று நான்கு விதமாக எழுதப்படுகிறது. திங்கட்கிழமை ஊழியர் ஒரு விதமாக எழுதுவார். வியாழக்கிழமை ஊழியர் வேறு விதமாக எழுதி, பெயர் இல்லை என்று கருதிப் புதிய எண் கொடுத்துவிடுவார். ஒரே லட்சுமி இரண்டு லட்சுமியாகிவிடுவார். ஒரு பக்கத்தில் அவருடைய ஒவ்வாமை இருக்கும். மறு பக்கத்தில் மருந்து எழுதப்படும்.

இதைவிட அபாயம், இரண்டு முருகேசன்கள் ஒருவராகிவிடுவது. ஒருவருக்கு எடுத்த இரத்தச் சோதனையின் முடிவு மற்றவருக்கு உரியதாகக் கருதப்பட்டால் நேரக்கூடிய தீங்கு சிறிதன்று. வயதைக் கொண்டு பிரித்தறியலாம் எனின், முதியவர் பலருக்குப் பிறந்த தேதி திட்டமாகத் தெரியாது. அட்டைகளில் ஜனவரி அல்லது ஜூலை முதல் தேதி எழுதப்பட்டிருக்கும். ஆதலின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே பதிதல், தந்தை அல்லது கணவர் பெயர், தெரு, தோராயமான பிறந்த ஆண்டு ஆகியவற்றைச் சேர்த்தல், ஒவ்வொரு வருகையிலும் ‘உங்கள் பெயர் என்ன? எந்தத் தெரு?’ என்று நோயாளியின் வாயாலேயே சொல்லக் கேட்டல் ஆகியவை வழக்கமாக வேண்டும். ‘நீங்கள்தானே முருகேசன்?’ என்று கேட்பது தவறு. பாதி காது கேளாத முதியவர் எந்தப் பெயருக்கும் தலையசைப்பார். நிலையத்தின் எண்ணை அச்சிட்ட சிறு அட்டை ஒன்றை ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் குறையும்.

தொலைபேசி எண்ணை நோயாளியின் அடையாளமாகக் கொள்வது நகரத்தார் வழக்கம். கிராமத்தில் அது பொருந்தாது. ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி. அது மகனிடமோ மாமனாரிடமோ இருக்கும். மருமகளின் சோதனை முடிவைச் செய்தியாக அனுப்பினால், அதனை முதலில் படிப்பவர் மருமகள் அல்லர். திருமணத்திற்கு முன் மனநோய்க்கு மருந்து உண்ட பெண்ணுக்கும், பால்வினை நோய்க்குச் சிகிச்சை பெறும் இளைஞனுக்கும் இதனால் விளையக்கூடியது யாது என்பதைக் கிராமத்தில் வாழ்பவருக்கு விளக்க வேண்டுவதில்லை. ஆகையால், ‘உங்கள் முடிவு வந்துள்ளது, நேரில் வருக’ என்ற அளவில் செய்தி அனுப்புதல் நலம். சோதனையின் பெயரும் பிரிவின் பெயரும் அதில் இடம்பெறலாகாது. அவ்வெண்ணுக்குச் செய்தி அனுப்பலாமா என்று நோயாளியைத் தனியே கேட்டுப் பதிவில் குறித்துக்கொள்ளவும் வேண்டும்.

யார் கையில் சாவி?

மின்னணுப் பதிவேட்டின் பகை என்றவுடன், எங்கோ அயல்நாட்டில் இருட்டறையில் அமர்ந்திருக்கும் கள்வனையே பலரும் நினைக்கின்றனர். அவனும் உண்டு. ஆனால் கிராமத்தில் இரகசியம் வெளியேறும் வழி பெரும்பாலும் அருகிலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் 2019 ஜனவரியில் வெளியான செய்தி இங்கு நினைவுகூரத் தக்கது. எச்.ஐ.வி. தொற்றுடைய 14,200 பேருடைய பெயர்களும் விவரங்களும் இணையத்தில் வெளியிடப்பட்டன. இதற்கு எவரும் பூட்டை உடைக்கவில்லை. பதிவேட்டைப் பார்க்க முறையான உரிமை பெற்றிருந்த மருத்துவ அதிகாரி ஒருவரின் வழியாகவே அது வெளியேறியது என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் அறிவித்தது. பெரும் பொருட்செலவில் பாதுகாப்பு அமைத்த நாட்டிலேயே இவ்வாறு நிகழ்ந்ததெனின், வரவேற்பு மேசையில் அமர்ந்திருப்பவருக்கும் எல்லாப் பக்கங்களும் திறந்து கிடக்கும் சிறு நிலையத்தின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே, ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்கு வேண்டிய அளவே திறக்க வேண்டும். சீட்டு எழுதுபவருக்குப் பெயரும் வருகை நேரமும் போதும். மருந்தாளுநருக்கு மருந்தும் ஒவ்வாமையும் தெரிந்தால் போதும். சோதனைக்கூடத்தாருக்கு எந்தச் சோதனை என்பது தெரிய வேண்டும். மனநல மருத்துவரிடம் நோயாளி கூறியது தெரிய வேண்டியதில்லை. இப்பாகுபாட்டை மென்பொருளிலேயே அமைத்துவிடலாம். எவர், எந்த நாளில், எந்த நேரத்தில், யாருடைய பக்கத்தைத் திறந்தார் என்பதைத் தானாகவே குறித்துக்கொள்ளும் வசதியும் வேண்டும். மாதம் ஒருமுறை மருத்துவர் அக்குறிப்பினைப் பார்ப்பதாக ஊழியர்களுக்குத் தெரிந்திருந்தால், அண்டை வீட்டாரின் பக்கத்தைத் திறந்து பார்க்கும் ஆவல் தானே அடங்கும்.

ஐந்து ஊழியர்களுக்கு ஒரே கடவுச்சொல் இருப்பின் மேற்கூறிய எதுவும் நடவாது. கடவுச்சொல்லை மேசைக் கண்ணாடியின் அடியில் எழுதி வைப்பதும், மருத்துவரின் தொலைபேசி எண்ணையே கடவுச்சொல்லாகக் கொள்வதும், கதவைப் பூட்டிச் சாவியைத் தோரணத்தில் கட்டுவதற்கு ஒப்பாகும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீண்ட கடவுச்சொல் அமைத்தால், அது நினைவில் நிற்கும். பிறர் ஊகிப்பதும் அரிது. அதனோடு கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையும் சேர்த்துக் கேட்கும் முறை இருப்பின் இன்னும் நன்று. ஊழியர் ஒருவர் வேலையை விட்டு விலகினால், அவருடைய கணக்கை அன்று மாலைக்குள் மூடுதல் வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடப்படும் கணக்குகள் ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடப்பதைக் காண்கிறோம்.

பதிவில் தவறு நேர்ந்தால் அதனை அழித்து எழுத இடம் கொடுத்தலாகாது. காகிதத்தில் ஒரு கோட்டால் அடித்துக் கையொப்பமிடுவது போல, பழையது தெரியும்படி விட்டுத் திருத்தத்தையும் திருத்தியவர் பெயரையும் அடுத்துக் குறிக்க வேண்டும்.

இனி வாட்ஸ்அப் பற்றி ஒரு சொல். சோதனை முடிவைப் படம் பிடித்து மருத்துவருக்கு அனுப்புவது அவசர நேரத்தில் உயிர் காத்ததுண்டு. அதனை முற்றிலும் விலக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் அப்படம் அனுப்பியவர் கைப்பேசியிலும் பெற்றவர் கைப்பேசியிலும் திருமணப் படங்களுக்கு நடுவே தங்கிவிடுகிறது. மாலையில் அவ்வீட்டுக் குழந்தை விளையாட எடுக்கும்போது திரையில் தோன்றுகிறது. பெயர் தெரியாதவாறு மறைத்து அனுப்புதலும், பதிவேட்டில் ஏற்றியவுடன் அழித்துவிடுதலும், குழுக்களில் எக்காரணத்தாலும் போடாதிருத்தலும் குறைந்த அளவு ஒழுங்குகள்.

சுவருக்கும் காது உண்டு என்பது பழமொழி. காத்திருப்போர் அமரும் விசுப்பலகைக்குக் கண்ணும் உண்டு. அதன் பக்கம் திரை திரும்பியிருக்கலாகாது. நோயின் பெயரைச் சொல்லி நோயாளியை உரக்க அழைக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். இதற்குக் காசு செலவில்லை.

பிரதி எடுத்தல்

காகிதப் பதிவேட்டைக் கறையான் அரித்தால் ஓர் ஏடு போகும். கணினி பழுதுபட்டால் இருபது ஆண்டு வரலாறு ஒரு நொடியில் போகும். இப்போது மற்றோர் ஆபத்தும் சேர்ந்துள்ளது. ரான்சம்வேர் எனப்படும் தீய நிரல், கணினியிலுள்ள கோப்புகள் அனைத்தையும் சங்கேத எழுத்தாக மாற்றிப் பூட்டிவிட்டு, திறவுகோலுக்குப் பணம் கேட்கிறது.

2017 மே 12-இல் பரவிய வான்னகிரை என்னும் நிரல் இங்கிலாந்தில் பெரிய ஆஸ்பத்திரிகளோடு நில்லாமல், 595 குடும்ப மருத்துவ நிலையங்களையும் பற்றியது. அது நுழைந்த ஓட்டையை அடைப்பதற்கான திருத்தத்தை விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தனர். பற்றப்பட்டவை அதனை ஏற்றாத கணினிகளே. இதனின்று பெறும் பாடம் எளியது. திரையில் ‘புதுப்பிக்கவும்’ என்று அறிவிப்பு வரும்போது, நோயாளிகள் காத்திருக்கின்றனர் என்று தள்ளினாலும், அன்றிரவு நிலையத்தை மூடுமுன் அதனைச் செய்து முடிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு உரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவடைந்துவிட்டதையும் பழைய கணினி வைத்திருப்போர் கருத்திற்கொள்ள வேண்டும்.

டில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில் 2022 நவம்பர் 23-ஆம் நாள் இத்தகைய தாக்குதல் நிகழ்ந்தது. சர்வர் எனப்படும் மையக் கணினிகள் ஐந்து பாதிக்கப்பட்டன. புறநோயாளர் பதிவும் சோதனை முடிவுகளும் கட்டண ரசீதும் மீண்டும் கையால் எழுதப்பட்டன. பெரும்பாலான பணிகள் கணினிக்குத் திரும்ப ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆயின. கணினிகளை இணைத்த வலையமைப்பு பகுதி பகுதியாகத் தடுக்கப்படாமல் இருந்ததே காரணம் என்று அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. நோயாளர் பதிவுகளை மீட்டுத் தந்தது, தாக்கப்படாது தப்பிய ஒரு பிரதிக் கணினியே. அந்த ஒரு பிரதி இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது, பிரதி எடுத்தல் எத்துணை முக்கியம் என்பது விளங்கும்.

சிறு நிலையத்திற்கு ஏற்ற முறை இது. பதிவுகள் மூன்று இடங்களில் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் அமைய வேண்டும். ஒன்று நிலையத்திற்கு வெளியே இருக்க வேண்டும். நாள்தோறும் மாலையில் வெளிவட்டு ஒன்றில் பிரதி எடுத்து, எடுத்த உடனே அதனைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் விட்டால் தீய நிரல் அதனையும் சேர்த்தே பூட்டும். பலர் தவறுவது இவ்விடத்தில்தான். வெள்ளம் புகும் ஊராயின் வெளிவட்டைத் தரைத்தளத்தில் வைத்துப் பயனில்லை. பிரதியும் சங்கேதத்தால் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும்; பேருந்தில் தவறவிட்ட வட்டினை எடுத்தவர் படிக்க இயலாதபடி அது காக்கும். அதன் திறவுச்சொல்லை மட்டும் தாளில் எழுதி, உறையிலிட்டு, வங்கிப் பெட்டகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பிரதி இருக்கிறது என்று நம்புவது வேறு; அது வேலை செய்கிறது என்று அறிவது வேறு. மூன்று மாதத்திற்கு ஒருமுறை மற்றொரு கணினியில் பிரதியைத் திறந்து, ஐந்து நோயாளிகளின் பக்கங்களை எடுத்துப் பார்த்தல் வேண்டும். விதை நெல்லை முளைப்புப் பார்த்து விதைப்பது உழவர் வழக்கம், இதுவும் அதுபோன்றதே.

மின்சாரம் நின்ற நாளுக்கென அச்சிட்ட வெற்றுப் படிவங்கள் ஐம்பது மேசையறையில் இருக்கட்டும். அவற்றில் எழுதியதைப் பின்னர்க் கணினியில் ஏற்றும்போது, ‘பிற்பாடு ஏற்றியது’ என்று நேரத்துடன் குறிக்க வேண்டும்.

சட்டம் கூறுவது

எச்.ஐ.வி. தொற்று உள்ளவரின் நிலையை அவருடைய இசைவின்றி வெளியிடலாகாது என்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். அதே ஆண்டின் மனநலச் சட்டமும் நோயாளியின் இரகசியத்தை அவருடைய உரிமையாக்கியுள்ளது. எல்லா வகைத் தனிச் செய்திகளுக்கும் பொதுவாக 2023-இல் இயற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த காப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறியோர்க்கு ரூ. 250 கோடி வரை தண்டம் விதிக்க இடமுண்டு. இதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு காலம் வகுக்கப்பட்டுள்ளது. இத்தொகையைக் கேட்டுச் சிறு நிலையத்தார் அஞ்ச வேண்டுவதில்லை. அது உச்ச வரம்பேயன்றி எல்லார்க்கும் விதிக்கப்படுவதன்று. பதிவு கசிந்துவிட்டது என்று தெரிந்தால், அதனை மறைத்தலே பெருங்குற்றமாகும். பாதிக்கப்பட்ட நோயாளிகளுக்கு எளிய தமிழில் தெரிவித்தல் வேண்டும். கணினிப் பாதுகாப்புக்குரிய மத்திய அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணையில், நிறுவனங்கள் இத்தகைய நிகழ்ச்சிகளை ஆறு மணி நேரத்திற்குள் தனக்குத் தெரிவிக்குமாறு கூறியுள்ளது. தாக்குண்ட கணினியை வலையிலிருந்து துண்டித்துவிட்டு, எதையும் அழிக்காமல் வைத்திருந்தால் ஆய்வாளர்களுக்கு உதவியாகும்.

ஊரார் அறிந்துகொள்ள வேண்டியதும் ஒன்றுண்டு. மேலே கூறிய 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளி தம் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் கொடுத்தல் வேண்டும். கணினியில் இருக்கிறது, எடுக்க முடியாது என்று கூறுவது ஏற்கத்தக்க விடையன்று, அச்சிட்டுக் கொடுக்கலாம். ஊராட்சி மன்றத்தாரும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் தம் பகுதி நிலையத்தில், ‘எங்கள் பதிவுகளை யார் யார் பார்க்கிறார்கள்? பிரதி எங்கே இருக்கிறது?’ என்று மரியாதையுடன் வினவலாம். நன்கு நடக்கும் நிலையத்தார் இக்கேள்விகளுக்கு மகிழ்ச்சியுடனேயே விடையளிப்பர். விடை சொல்லத் தயங்கும் இடத்தில் என்ன குறை என்பதும் அத்தயக்கத்திலேயே தெரிந்துவிடும். எல்லாவற்றிற்கும் மேலாக, தம் செய்தி ஊருக்குள் பரவும் என்ற ஐயம் பிறந்துவிட்டால், காசநோய்க்காரரும் கருவுற்ற பெண்ணும் அந்நிலையத்தின் வாசலையே மிதிக்கமாட்டார்கள். எத்துணைச் சிறந்த கணினி இருந்தும், அதில் எழுதுவதற்கு அவர்கள் வரமாட்டார்கள்.

பழைய கணினியை அகற்றுதல்

கணினி ஐந்தாறு ஆண்டுகளில் தேய்ந்துவிடும். அப்போது அதனைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைக்குப் போடுவதும், உறவினர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. கோப்புகளை நீக்கிவிட்டோம் என்று எண்ணினாலும், அவை வட்டிலிருந்து உண்மையில் நீங்குவதில்லை. உரிய நிரலைக் கொண்டு மீண்டும் எடுத்துவிடலாம். வட்டினை முன்பே சங்கேதத்தால் பூட்டியிருந்தால் அச்சம் குறைவு. அன்றெனில், முழுதும் மேலெழுதி அழிக்கும் நிரலால் துடைக்க வேண்டும். அல்லது வட்டினைக் கழற்றி உடைத்துவிட வேண்டும். மருத்துவர் ஓய்வு பெற்று நிலையத்தை மூடும்போதும், மற்றொருவரிடம் ஒப்படைக்கும்போதும், நோயாளிகளுக்கு முன்னரே அறிவித்து, தம் பதிவின் பிரதியைப் பெற்றுக்கொள்ள விரும்புவோர்க்குக் குறைந்தது மூன்று மாத அவகாசம் அளிப்பது முறை. அறிவிப்பு நிலையத்தின் கதவில் மட்டும் ஒட்டப்பட்டால், நடமாட இயலாத முதிய நோயாளிகளுக்கு அது தெரியாது. கிராம சுகாதாரச் செவிலியர் மூலமும் சொல்லியனுப்ப வேண்டும்.